பெருமாளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை

தோத்தாத்ரி நாற்காலியில் உட்கார்ந்ததுமே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்டர், என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிச்சுடுங்கோ. ஆத்துல அவரைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார்.

யாரை என்று ஜென்சி கேட்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் ஷ்யாம்சுந்தர் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கிற அந்த அறையில் ஜென்சி மனநல மருத்துவம் பார்க்க ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. நெற்றியைப் பிடித்துக்கொள்ளும் மகன்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்படும்.

"யாரை சார் விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பெருமாளை" என்றார் தோத்தாத்ரி, ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவைச் சொல்வதுபோல.

கதை இதுதான். தோத்தாத்ரி டெலிபோன் இலாகாவில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். மனைவி பட்டு போன வருஷம் இறந்துபோனாள். ஷ்யாம்சுந்தர் வேலையின் பொருட்டு குடும்பத்தோடு சோழிங்கநல்லூரில் இருக்கிறான். அப்பா தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று, பொத்தானை அமுக்கினால் முதுகு சாய்ந்து கால் நீளும் ஒரு சொகுசு சோஃபாவை வாங்கி அனுப்பினான். இரண்டு பேர் அதைத் தூக்கிவந்து ஹாலில் வைத்து, பொத்தானை அமுக்கிக் காட்டினார்கள். சோஃபா தன்பாட்டுக்கு மெல்லச் சாய்ந்து காலை நீட்டியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் தோத்தாத்ரிக்கு அது யாருக்காக வந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. திருநீர்மலையில் மலைமேல் படுத்திருக்கிறவருக்கு வேறு எதற்கு இப்படி ஒரு ஆசனம்? அன்றிலிருந்து அதில் யாரும் உட்காரக் கூடாது. ஷ்யாம் ஒருநாள் லேப்டாப் பையை அதன்மேல் போட்டுவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"சோஃபா போனாப் போறது மேடம். இன்னொண்ணு வாங்கிப்பேன்" என்றான் ஷ்யாம். "இவர் சுகர் மாத்திரையை நிறுத்திட்டார். அதான் பிரச்சனை. நேத்து பாத்தா நானூறுக்கு மேல இருக்கு. கால் கட்டைவிரல்ல புண். இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்னு சுகர் டாக்டர் சொல்லிட்டார். அட்மிட் பண்ணலாம்னா ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறார்."

"நான் போயிட்டா அவருக்கு யார் தளிகை பண்ணுவா?" என்று தோத்தாத்ரி நியாயம் கேட்டார்.

"மாத்திரையை ஏன் சார் நிறுத்தினீங்க?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவருக்குக் காட்டாம நான் எதையும் வாயில போட்டுக்கறதில்லை டாக்டர். சாதமோ, காப்பியோ, ஒரு வாழைப்பழமோ, எதானாலும் முதல்ல அவருக்கு. அப்புறம்தான் எனக்கு. மாத்திரையையும் அப்படித்தானே பண்ணணும்? ஆனா யோசிச்சுப் பாருங்கோ. எனக்குச் சர்க்கரை இருக்கு, நான் சாப்பிடலாம். அவருக்கு இல்லையே! ஒண்ணுமில்லாதவருக்கு இந்த மாத்திரையைக் குடுத்தா சட்டுனு லோ ஆயிடாதா?"

ஜென்சிக்கு உதட்டுக்குள் சிரிப்பு முட்டியது. இத்தனை கேஸ்களில் இப்படி ஒரு கவலையை அவள் கேட்டதேயில்லை. பெருமாளுக்கு லோ சுகர் வந்துவிடுமே என்று தன் கால்விரலைப் பணயம் வைக்கிற ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து, சீக்கிரம் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷமே அவரை அவளுக்குப் பிடித்துவிட்டது. டாக்டருக்கு நோயாளியை அவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போவது அத்தனை நல்லதல்ல என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிடித்ததாலோ என்னவோ, அவசரப்பட்டுத் தப்பும் பண்ணினாள். "சார், அவர் எல்லாம் வல்லவர் இல்லையா? ஒரு மாத்திரை அவரை என்ன செஞ்சிடும்?" என்றாள். சேலையூர் சர்ச்சில் ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காகப் போன பெண்ணின் கேள்வி அது.

தோத்தாத்ரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாம் வல்லவர்தான். யார் இல்லேன்னா? ஆனா ஆத்துக்குள்ள வந்துட்டா அவர் கொழந்தை மாதிரி. குளிர்ந்தா போத்தறோம். வேர்த்தா விசிறறோம். பால் சூடா இருந்தா ஆத்திக் குடுக்கறோம். எல்லாம் வல்லவருக்கு நாக்கு சுடாதுன்னு அப்படியே நீட்ட முடியுமா, சொல்லுங்கோ."

ஜென்சி வாதத்தை அதோடு விட்டாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். பெருமாள் பேசுகிறாரா? பேசமாட்டார். கண்ணுக்குத் தெரிகிறாரா? தெரியமாட்டார். அப்படியென்றால் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? "ஆத்துல இன்னொருத்தர் இருந்தா தெரியாதா டாக்டர்?" அதைச் செய், இதைச் செய்யாதே என்று ஏதாவது கட்டளை? "சே சே. அவர் ஒண்ணும் சொல்றதில்லை. நானாத்தான் பாத்துப் பாத்துப் பண்றேன்." தூக்கம் ஒழுங்கு. மின்சாரக் கட்டணத்தை அவரே ஃபோனில் கட்டுகிறார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரை படிக்கிறார். அன்றைய தேதியைக் கேட்டால் திதியோடு சேர்த்துச் சொல்கிறார். வேறு ஏதாவது இருக்கக் கூடாதே என்று எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் அடுத்த வாரம் வந்தன. சர்க்கரை ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக இருந்தன.

அந்த முடிவுகளை வாங்கிக்கொள்ள ஷ்யாம் மட்டும் வந்தான். "மேடம், இதுக்குன்னு மருந்து இருக்குமே. அதைக் குடுங்க. இந்த எண்ணம் போயிட்டா சுகர் மாத்திரையைத் தானா சாப்பிடுவார்."

"அந்த மருந்தையும் பெருமாளுக்குக் காட்டாம சாப்பிடமாட்டாரே."

"ரசத்துல கரைச்சுக் குடுத்துடறேன். அவருக்குத் தெரியவே வேண்டாம்."

"ரசம் முதல்ல யாருக்குப் போகும்?" என்று ஜென்சி கேட்டாள்.

பல நாளாகச் சிரிக்காத ஷ்யாம் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜென்சி தணிந்த குரலில் சொன்னாள். "அவருக்குத் தெரியாம ஒண்ணும் குடுக்க வேண்டாம் ஷ்யாம். ஒருநாள் தெரிஞ்சுதுன்னா அப்புறம் உங்க கையால தண்ணிகூட வாங்கமாட்டார். எனக்கு இன்னொண்ணும் பயமா இருக்கு. இப்போ அந்த வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க. நான் மருந்து குடுத்து ஒருத்தரை அனுப்பிட்டா, உங்கப்பா தனியாயிடுவாரே."

அவன் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தன் மேல் குற்றம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பானோ என்று அன்று முழுக்க அவளுக்கு உறுத்தியது.

ஜென்சிக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் இரண்டு விஷயங்களை மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார். நோயாளி தன் நம்பிக்கையைச் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, சேர்ந்தும் ஆடாதே என்பது ஒன்று. அவருடைய சொந்த ஜனங்களிடம் போய், இது உங்களில் வழக்கம்தானா என்று கேள் என்பது மற்றொன்று. ஒருவருக்கு வினோதமாகத் தெரிவது இன்னொருவர் வீட்டில் தினப்படி காரியமாக இருக்கும். ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருநீர்மலைக்குப் போனாள். படியேறி மூச்சு வாங்க நின்றவளை, கைங்கரியம் முடித்து வெளியே வந்த பட்டர் ஒருவர் நிழலில் உட்காரச் சொன்னார். பெயர் எதுவும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"பெருமாளுக்கு உடம்புக்கு வந்துடும்னு கவலைப்படறாரா?" பட்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, பெருமாள் மேல திருஷ்டி பட்டுடப்போறதேன்னு தவிச்சவாளைத்தான் நாங்க பெரியவான்னு கொண்டாடறோம். அவர் இருக்கற திசைக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கோ."

"மாத்திரையை நிறுத்திட்டார் சாமி."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. "அது தப்பு. மருந்து வேற, ஆகாரம் வேற. மருந்தைப் பெருமாளுக்குக் காட்டி அமுது செய்யப் பண்ணணும்னு எந்த விதியும் இல்லை. நான் சொன்னேன்னு சொல்லுங்கோ."

ஜென்சிக்கு ஒரே குஷி. பூட்டைத் திறக்கிற சாவி கிடைத்துவிட்டது என்று இறங்கிவந்தாள். பட்டர் சொன்னதைப் போனிலேயே தோத்தாத்ரியிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவர் சொல்றது சாஸ்திரம். ரொம்ப சரி" என்றார். "ஆனா அது பெருமாளை அலமாரியில ஏளப்பண்ணி வெச்சிருக்கறவாளுக்கு. எங்காத்துல எதிர் சோஃபாவுல இருக்காரே. அவர் பாத்துண்டிருக்க, நான் மட்டும் ஒண்ணை எடுத்து டபக்குனு வாயில போட்டுண்டா நன்னாவா இருக்கும்? விதியை விடுங்கோ டாக்டர். மரியாதைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

போனை வைத்துவிட்டு ஜென்சி நாற்காலியில் சாய்ந்தாள். புண் ஆறவில்லை என்று ஷ்யாம் காலையில்தான் படம் அனுப்பியிருந்தான். பார்க்கவே சகிக்கவில்லை. இன்னும் சில நாளில் அவரை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வழியிருக்காது. அப்படிப் போனால் விரல் பிழைக்கலாம். அந்த மனிதர் அதற்குப் பிறகு யாரையும் நம்பமாட்டார். அவளுக்கு அழுகையாகக்கூட வந்தது. கடவுளே, உம்மை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு என்று, எந்தக் கடவுள் என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு முறை நொந்துகொண்டாள்.

சேலையூரில் அவளும் அம்மா தபீதாளும் இருக்கிற வீட்டில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு மரச்சட்டம் தொங்குகிறது. இந்த வீட்டுக்குக் கிறிஸ்துவே தலைவர், சாப்பாட்டு வேளைகளில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி அவரே என்கிற அர்த்தத்தில் நாலு வரி. தெருவில் பாதி வீடுகளில் இருக்கிற அதே சட்டம்தான். ஜென்சி பிறப்பதற்கு முன்பே மாட்டியது. அதை அவள் படித்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தபீதாள் வழக்கம்போல் இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். போகும்போது வழக்கம்போல் முட்டி வலிக்கிறது என்று முனகினாள்.

"இப்படியே உக்காந்து போட்டுக்க வேண்டியதுதானேம்மா. நான்தானே இருக்கேன். எதுக்கு எழுந்திரிச்சு எழுந்திரிச்சுப் போறே?"

தபீதாள் அடுப்படி வாசலில் திரும்பி நின்று மேஜைப் பக்கம் தாடையை ஆட்டினாள். மகளை அல்ல, மேலே இருந்த சட்டத்தைத்தான் காட்டினாள். "நீ மட்டுமா இருக்கே? சாப்பாட்டுக்கு வந்தவர் முன்னாடி சேலையை வழிச்சு வயித்துல ஊசி குத்திக்கிட்டு உக்காரச் சொல்றியா? படிச்சிருக்கே, ஒரு நாகரிகம் தெரியாது."

ஜென்சியின் கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

"அம்மா, நீ அதை நெஜமாவே நம்புறியா?"

"எதை?" என்றாள் தபீதாள் உள்ளேயிருந்து. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, மீனில் முள் இருக்கிறது பார்த்துச் சாப்பிடு என்றாள்.

இத்தனை வருஷமாக அம்மா அடுப்படியில் போய் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஊரெல்லாம் வினோத நம்பிக்கைகளைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டுகிற மகள், சொந்த வீட்டில் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஜென்சிக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கை எச்சிலாக இருந்ததால் கட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு ஊரப்பாக்கத்துக்குக் கிளம்பினாள். இப்படி நோயாளி வீட்டுக்குப் போவது அவள் வழக்கமில்லை. ஷ்யாம் கதவைத் திறந்தான். ஹாலில் அந்த சோஃபா சாய்ந்து கால் நீட்டியிருந்தது. மேலே ஒரு வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. ஃபேன் அதற்கு நேர் மேலே ஓடியது. தோத்தாத்ரி அதற்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன முறை பார்த்ததற்கு இளைத்துப்போயிருந்தார்.

ஜென்சி சோஃபாவைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் சுற்றிப்போனதை அவர் கவனித்தார்.

"சார், நான் இன்னிக்கு யோசனை சொல்ல வரலை. எங்க வீட்ல நடக்கறதை ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்து, மரச்சட்டத்தையும் விருந்தாளியையும் அம்மாவின் ஊசியையும் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவர் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார். "உங்காத்துக்கும் வர்றாரா?"

"எங்கம்மா அப்படித்தான் நெனைக்கறாங்க."

"உங்களுக்கு?"

ஜென்சி தயங்கினாள். "நான் சாப்பிடறப்போ போன் பாத்துட்டிருப்பேன் சார். யார் வந்தாலும் எனக்குத் தெரியாது."

தோத்தாத்ரி சிரித்தார். "உங்கம்மா நல்ல வளர்ப்பு" என்றார். "வந்தவர் எதிர்ல பண்ணாம உள்ள போய்ப் பண்ணிக்கறா. அதுதான் நாகரிகம். உள்ள பண்றது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருப்பார். நல்ல விருந்தாளின்னா அப்படித்தான்."

"நீங்களும் அதே மாதிரி அடுப்படியில…"

"ஐயய்யோ! அடுப்படியிலயா?" அவர் இரண்டு கையையும் ஆட்டினார். "அங்க அவருக்குத் தளிகை ஆறது. அந்த எடத்துல நின்னுண்டு எச்சில் பண்ணுவாளா யாராவது? எங்காத்துல அது நடக்காது. பட்டு இருந்தா உங்களை இப்போ வெளியில அனுப்பிச்சிருப்பா. அவ மாத்திரை குடுக்கறதுன்னா என்னை அங்க, பின்னாடி பால்கனியில, வாஷிங் மிஷின் கிட்ட கூப்பிட்டுத்தான்…"

பேச்சு நின்றுவிட்டது.

தோத்தாத்ரி பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சோஃபாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல மெல்ல இடம் மாறுவது தெரிந்தது.

"தினம் கூப்பிடுவா" என்றார். "ரெண்டு வேளையும். சாப்பிட்டு எழுந்ததும், 'இங்க வாங்கோன்னா'ன்னு பின்னாடியிலேர்ந்து கத்துவா. இந்த முட்டி வலியோட அவ்வளவு தூரம் நடக்கணுமா, இங்கதான் கொண்டு வந்து குடேன்னு நான் சலிச்சுப்பேன். பதிலே சொல்லமாட்டா. ஒரு நாள்கூட ஹாலுக்குக் கொண்டு வந்து குடுத்ததில்லை." மறுபடி சோஃபாவைப் பார்த்தார். "அப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இவர் இப்போ சோஃபாவுக்காக வரலை. அப்பவே இருந்திருக்கார். அவ எல்லாம் பாத்துப் பாத்துப் பண்ணிண்டு இருந்திருக்கா. எனக்குத்தான் தெரியலை. ஒரு வார்த்தை சொல்லலியே. ஷ்யாமா, உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லலியேடா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். பட்டுவைத் தகனத்துக்குக் கொண்டுபோன அன்றும், பதின்மூன்றாம் நாளிலும், அதன் பிறகு ஒரு வருஷமும் அழாத மனிதர், தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஷ்யாம் தரையில் உட்கார்ந்து அப்பாவின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டான். ஜென்சி தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இந்த அழுகைக்காகத்தான் இந்த வீடு இத்தனை நாள் காத்திருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவள் முயற்சி செய்யவில்லை.

அழுது ஓய்ந்ததும் தோத்தாத்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார். "மாத்திரை டப்பா பின்னாடி அலமாரியிலதான் இருக்கு. நான் மெதுவா வரேன். நீ போய் எடுத்து வை."

கிளம்பும்போது, அன்று சாயங்காலமே சர்க்கரை மருத்துவரிடம் காலைக் காட்டச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் தன்னையும் வந்து பார்க்கும்படி ஜென்சி கேட்டுக்கொண்டாள். சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தாள். ஷ்யாம் லிஃப்ட் வரை கூடவே வந்தான்.

"இதுக்கு என்ன பேர் மேடம்? என்ன எழுதுவீங்க?"

"இப்போதைக்குத் துக்கம்னு எழுதறேன். பாத்துட்டே இருப்போம். யாராவது ஏதாவது சொல்றது காதுல கேக்குதுன்னு அவர் சொன்னா, சாப்பிடாம தூங்காம இருந்தா, உடனே கூப்பிடுங்க. அப்போ மருந்து குடுக்கறேன். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுப்பேன்."

அவன் லிஃப்ட் பொத்தானை அமுக்கினான். ஆனால் சொல்ல ஏதோ பாக்கி இருந்தது. "மேடம், ஒரு விஷயம். அந்த மருந்து அலமாரியை அங்க மாட்டினதே நான்தான். இந்த வீட்டுக்கு வந்த புதுசுல. வேற எங்கயும் எடம் இல்லைன்னு மாட்டினேன். அம்மா அங்க நின்னு மாத்திரை குடுத்ததுக்கு அது மட்டும்தான் காரணம். அப்பாகிட்ட சொல்லணுமா?"

ஜென்சி அவனைப் பார்த்தாள். எதிர்க்கவும் வேண்டாம், சேர்ந்து ஆடவும் வேண்டாம் என்பதை நோயாளியின் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எடமே இல்லாம இருந்துதா?" என்று மட்டும் கேட்டாள்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. ஷ்யாம் அதைப் பார்க்காமல் நின்றான்.

"எடம் இருந்துது" என்றான் கடைசியில். "நான் ஹால்ல மாட்டறேன்னுதான் சொன்னேன். டிரில்லைக்கூட எடுத்துட்டேன். ஹால்ல வேண்டாம்டா, பின்னாடி மாட்டுன்னு அம்மாதான் சொன்னா. ஏன்னு நான் கேக்கலை."

உள்ளேயிருந்து தோத்தாத்ரி அவனைக் கூப்பிட்டார். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து வந்தது குரல். ஷ்யாம் வீட்டுக்குள் திரும்பினான். லிஃப்ட் பக்கத்தில் நின்ற ஜென்சிக்குத் திறந்த கதவு வழியே தெரிந்தது, அவன் நேராகப் போகாமல் சோஃபாவைச் சுற்றிக்கொண்டு போனான்.